மெத்தூசலாவுக்குப் பத்து வருஷம் கூடுதல்

ஜூன் 2

தம்பிக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் நலம். அங்கேயும் அவருடைய கிருபைதான், நீ ஒப்புக்கொண்டாலும் சரி, கொள்ளாவிட்டாலும் சரி.

மூன்று வருஷமாக வாய் திறக்காதவள் இப்போது ஏன் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். சமாதானத்துக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒரு செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். எங்கள் சபையின் புதுக் கட்டடம் முடிந்துவிட்டது. ஜூலை முதல் ஞாயிறு திறப்பு. முன்சுவரில் எதை மாட்டலாம் என்று பேச்சு வந்தபோது, நான் தைத்த வருஷ நாடாவைத்தான் மாட்ட வேண்டும் என்று மூப்பரே எழுந்து சொல்லிவிட்டார். ஒருவர்கூட மறுக்கவில்லை. நீ பார்த்துச் சிரித்தாயே, அதே நாடாதான்.

உனக்கு மறந்திருக்கும் என்பதால் சொல்கிறேன். நான்கு இன்ச் டேப். ஒவ்வொன்றும் நூற்றைம்பது சென்டிமீட்டர். சென்டிமீட்டருக்குப் பத்து வருஷம் என்று வைத்து நான்கையும் சேர்த்துத் தைத்தால் ஆறாயிரம் வருஷம், உலகம் படைக்கப்பட்ட நாளிலிருந்து நம் நாள் வரை. யார் எந்த வயதில் யாரைப் பெற்றார், மொத்தம் எத்தனை வருஷம் வாழ்ந்தார் என்று ஆதியாகமம் ஒருவர் விடாமல் சொல்கிறது. ஆளுக்கொரு நிறத்தில், அவரவர் வயசு எவ்வளவோ அவ்வளவு நீளத்துக்கு ரிப்பன் வெட்டி, அவர் பிறந்த வருஷத்தில் தொடங்கி நாடாவின் மேல் தைத்திருக்கிறேன். ஆதாமுக்கு மண் நிறம், தொண்ணூற்று மூன்று சென்டிமீட்டர். நோவாவின் ஜலப்பிரளயத்துக்கு, நாடாவின் குறுக்கே கறுப்பு நூலில் ஒரு கோடு. வேதம் சொல்வதைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். இப்படி ஒன்று வேறு எந்தச் சபையிலும் இல்லை என்று வந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது, அதை உன்னிடம் மறைப்பானேன்.

என் வகுப்பில் இப்போது பதினொரு பேர். எல்லோரும் ஞானஸ்நானம் எடுக்கப்போகும் பெரியவர்கள். அதில் பஸ் கண்டக்டரம்மா ஒருத்தி மெத்தூசலாவைப் பற்றி ஏதோ கேள்வி கேட்டாள். சில்லறைக் கேள்வி. அதற்கும் இந்தக் கடிதத்துக்கும் சம்பந்தமில்லை.

போன் செய்யாதே. போனில் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம். பதில் எழுத வேண்டும் என்றும் இல்லை.

அக்கா


ஜூன் 8

அக்காவுக்கு,

நான் நலம். கிருபையா, மேஸ்திரி நேரத்துக்குக் கூலி தருவதா என்று தெரியவில்லை, நலம்.

கடிதத்தை மூன்று முறை படித்தேன். முன்சுவரில் உன் நாடா வருவது சந்தோஷம்தான். கிண்டல் இல்லை. ஒரு மனுஷி தையல் மெஷினில் உட்கார்ந்து ஆறாயிரம் வருஷத்தைத் தைத்திருக்கிறாள் என்றால், அந்தக் கணக்கை நம்பாதவனும் அந்தக் கையைக் கும்பிடலாம்.

ஆனால் அக்கா, உன்னை எனக்குத் தெரியாதா? சம்பந்தமில்லை என்று நீ எதைச் சொல்கிறாயோ அதற்குத்தான் கடிதமே எழுதியிருப்பாய். அந்தக் கண்டக்டரம்மா என்ன கேட்டாள்?

உன் வகுப்பைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் கூசுகிறது. மூன்று வருஷத்துக்கு முன் அங்கே நான் செய்தது அதிகப்பிரசங்கித்தனம், ஒப்புக்கொள்கிறேன். கூப்பிடாமல் வந்து, தரையில் பதிக்க நான் பாலிஷ் போட்ட கல்லில் நத்தை ஓடு தெரிகிறது என்று தூக்கிக் காட்டியிருக்க வேண்டாம். இது பத்துக் கோடி வருஷப் பழசு, இதைக் காட்ட உன் நாடா நூறு கிலோமீட்டர் நீளணும் என்று உன் ஆட்கள் நடுவில் சொல்லியிருக்க வேண்டாம். நான் நம்புவதைச் சொன்னேன், ஆனால் இடம் பார்த்துச் சொல்லவில்லை.

அதற்கு நீ அத்தனை பேர் முன்னால் என்னைப் பொய்யன் என்றாய். முட்டாள் என்று சொல்லியிருக்கலாம், கெட்டுப்போனவன் என்று சொல்லியிருக்கலாம், துடைத்துப் போட்டிருப்பேன். பொய் சொல்கிறவன் என்று என்னை வேறு யாரும் இதுவரை சொன்னதில்லை. அந்தச் சொல் இன்னும் உறுத்துகிறது.

போகட்டும். கேள்வி என்ன?

தம்பி


ஜூன் 14

தம்பிக்கு,

பழைய கதையை விடு. அதைப் பற்றிப் பேச எனக்கு இப்போது தெம்பில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். நாடாவை வகுப்பில் நீட்டிக் கட்டியிருந்தேன். கண்டக்டரம்மா கிட்டே வந்து விரல் வைத்துப் பார்த்தாள். ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு சில்லறை எண்ணுகிற கண், சும்மா விடுமா?

"அக்கா, இந்த நீல ரிப்பன் யாரு?"

மெத்தூசலா என்றேன். தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது வருஷம், மனிதரிலேயே அதிகம் வாழ்ந்தவர், நோவாவின் தாத்தா.

"இவர் பேழைல ஏறினாரா?"

இல்லை, நோவாவின் அந்தக் கப்பலில் எட்டுப் பேர்தான் ஏறினார்கள், மற்ற எல்லோரும் தண்ணீரில் போனார்கள் என்றேன்.

"அப்ப எப்படிப் பொழச்சாரு? ரிப்பன் கறுப்புக் கோட்டத் தாண்டி ஒரு சென்டிமீட்டர் நிக்குதே. தண்ணி வந்து பத்து வருஷம் கழிச்சும் இருந்திருக்காரு."

குனிந்து பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. இத்தனை வருஷமாக நானும் பார்க்கவில்லை, வேறு யாரும் பார்க்கவில்லை. பக்கத்தில் லாமேக்கு, நோவாவின் அப்பா. அவரும் அரை சென்டிமீட்டர் தாண்டி நிற்கிறார்.

வீட்டுக்கு வந்து வேதத்தைத் திறந்து கூட்டினேன். மெத்தூசலா லாமேக்கைப் பெற்றபோது நூற்று எண்பத்தேழு. லாமேக்கு நோவாவைப் பெற்றபோது நூற்று எண்பத்திரண்டு. ஜலப்பிரளயத்தின்போது நோவாவுக்கு அறுநூறு. கூட்டினால் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது. சொல்லி வைத்தாற்போல அந்த வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார். அதை எண்ணிப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. வேதத்தில் கணக்கு இவ்வளவு கச்சிதம். ஆனால் நாடாவில் பத்து வருஷம் மிஞ்சுகிறது.

ரிப்பனைப் பிரித்து அளந்தேன், தொண்ணூற்றாறு புள்ளி ஒன்பது. சரி. தொடங்கும் இடம் முதல் டேப்பில் அறுபத்தெட்டு புள்ளி ஏழு. சரி. ஜலப்பிரளயம் ஆயிரத்து அறுநூற்று ஐம்பத்தாறாம் வருஷம், கறுப்புக் கோடு இரண்டாவது டேப்பில் பதினைந்து புள்ளி ஆறில். அதுவும் சரி. எல்லாம் சரியாக இருந்து எப்படித் தப்பாகும்? இருபத்தாறு வருஷமாகத் தைக்கிறேன், அளவு சரியில்லை என்று ஒரு சட்டை திரும்பி வந்ததில்லை.

கூட்டலைக் கண்டக்டரம்மாவிடம் காட்டினேன். பேப்பர்ல சரியா இருக்கு, கண்ணுக்குத் தெரியறது தப்பா இருக்கே என்றாள். முதல் புத்தகத்திலேயே கணக்கு உதைக்கிறது என்றால் மிச்சத்தை எதை வைத்து நம்புவது என்று கேட்டாள். குத்திக் காட்டக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு அவள் வரவில்லை. ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்திருந்தவள். என் கையால் ஒரு ஆத்துமா வாசலோடு திரும்பிப் போயிருக்கிறது, தம்பி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மூப்பரிடம் போனேன். அவர் நல்ல மனுஷர். "ரிப்பன்ல ஒரு சென்டிமீட்டர் கத்தரிச்சிடுங்க சகோதரி. யாரு ஸ்கேல் வெச்சுப் பாக்கப்போறா?" என்றார். கத்தரிக்கோல் என் மடியில்தான் இருந்தது. வேதம் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது என்று சொல்லும்போது நான் யார் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதாக வெட்ட? மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நாடாவைச் சரி செய்ய வேதத்தை வெட்டுவார்களா?

திறப்புக்கு இன்னும் மூன்று வாரம். நீ நம்பாதவன். ஆனால் அளவு தெரிந்தவன். வேறு யாரிடம் கேட்பேன்?

அக்கா


ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே இரண்டு நாள் வேலை செய்தேன். வேதம் என்னிடம் இல்லை. கூட வேலை செய்கிறவர் ஒருவரிடம் கேட்டு வாங்கி, சாப்பாட்டு நேரத்தில் கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து ஐந்தாம் அதிகாரம் படித்தேன். பென்சிலால் ஒரு கல்லின் முதுகில் எல்லோர் கணக்கையும் எழுதிக் கூட்டினேன். பையன்கள் சுற்றி நின்று, அண்ணன் சபை ஊழியத்துக்குப் போகப்போகிறார் என்று சிரித்தார்கள். எங்கக்கா தைச்ச நாடாடா, வாயை மூடுங்க என்றேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உலகத்துக்கு ஆறாயிரம் வயசு என்பதை நான் இன்னும் நம்பவில்லை. ஆனால் உன் வேதத்தின் கூட்டலில் ஒரு வருஷம்கூடப் பிசகவில்லை. தப்பு அங்கே இல்லை.

நீ எழுதியதிலேயே விடை இருக்கிறது. மெத்தூசலாவின் தாத்தா யாரேத்து தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு வருஷம் வாழ்ந்தவர், கிட்டத்தட்ட மெத்தூசலா அளவுக்கு நீளம். அவர் ரிப்பன் சரியாகத்தான் முடியும், பார். நூற்று நாற்பத்திரண்டு புள்ளி இரண்டில், முதல் டேப்புக்குள்ளேயே முடிந்துவிடுகிறார். நோவாவின் மகன் சேம் இரண்டாவது டேப்பில் பிறந்து அங்கேயே முடிகிறார், அவரும் சரியாக இருப்பார். லாமேக்கும் மெத்தூசலாவும் முதல் டேப்பில் தொடங்கி இரண்டாவதில் முடிகிறவர்கள். நோவாவையும் அளந்து பார். அவரும் ஒரு சென்டிமீட்டர் நீண்டிருப்பார். அவர் பேழைக்குள் இருந்ததால் யாரும் கேட்கவில்லை. தையலைத் தாண்டினவர்கள் மட்டும்தான் அளவைத் தாண்டியிருக்கிறார்கள்.

நீ டேப்பை எப்படிச் சேர்த்தாய்? ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றித்தானே? அந்த ஏற்றத்துக்குள் ஒரு சென்டிமீட்டர் ஒளிந்திருக்கிறது. ரிப்பன் அந்த இடத்தை முழு நீளத்தோடு கடக்கிறது, டேப் சுருங்கிப்போய்க் கிடக்கிறது. துணியாக இருந்தால் நீ வெட்டும்போதே தையலுக்கு விட்டு வெட்டியிருப்பாய். இன்ச் டேப்பைத் தையலுக்கு விட்டு யாரும் அச்சடிப்பதில்லையே.

எங்கள் வேலையில் இது தலைகீழ். இரண்டு கல்லுக்கு நடுவே இடைவெளி விடுவோம். நூறு கல் போட்டால் அந்த இடைவெளிகளே ஒரு முழ நீளம் கூட்டிவிடும். அறை போதாமல் போய் நான் திட்டு வாங்கியிருக்கிறேன். அதனால்தான் சேரும் இடத்தில் என் கண் முதலில் போனது. மற்றபடி நான் ஒன்றும் கெட்டிக்காரன் இல்லை. மூன்று சேர்க்கைக்கு மூன்று சென்டிமீட்டர். ஆறாயிரத்தில் முப்பது வருஷம் உன் தையலுக்குள் போய்விட்டது.

மூப்பர் சொன்ன மாதிரி நீ கத்தரிக்கவில்லை என்று படித்தபோது பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். எங்கக்கா எங்கக்காதான்.

தம்பி


ஜூன் 24

தம்பிக்கு,

கல் தேய்க்கிறவன் எனக்குத் தையல் சொல்லித் தருகிறாயா? ஊசிக்கு எந்தப் பக்கம் கண் என்று தெரியுமா உனக்கு? என் தையலைப் பற்றிப் பேசப் பெரிய பெரிய கடைக்காரர்களே யோசிப்பார்கள். வேதத்தில் குறை கண்டுபிடிக்க முடியவில்லை என்றதும் என்னிடம் குறை கண்டுபிடித்துவிட்டாய். உன்னிடம் கேட்டேனே, என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

அக்கா


ஜூன் 28

அக்கா,

இரும்பு ஸ்கேல் வைத்து அள. அளந்த பிறகு திட்டு.

தம்பி


ஜூலை 8

அன்புள்ள தம்பிக்கு,

அளந்தேன். உன் கடிதம் வருவதற்கு முன்பே அளந்துவிட்டேன், அதையும் தெரிந்துகொள். திட்டி எழுதித் தபாலில் போட்டுவிட்டு, நேரே வந்து ஸ்கேலை எடுத்தேன். ஏற்றித் தைத்தது மிகச் சரியாக ஒரு சென்டிமீட்டர், மூன்று சேர்க்கையிலும் நூலளவு பிசகில்லை. தப்பு செய்தாலும் அளவாகத்தான் செய்திருக்கிறேன்.

சிரிப்பு வரவில்லை அப்போது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன், தம்பி. மெத்தூசலாவைச் சந்தேகப்பட்டேன், கண்டக்டரம்மாவின் கண்ணைச் சந்தேகப்பட்டேன். வேதத்தில் ஏதோ நமக்கு எட்டாத ரகசியம் இருக்கிறது என்றுகூட வகுப்பில் சொல்லப் பார்த்தேன். என் தையலை மட்டும் நினைக்கவே இல்லை.

மூப்பரிடம் சொன்னபோது அவருக்கு நிம்மதி. வீட்டிலேயே சரி செய்து கொண்டுவந்து மாட்டிவிடுங்கள், விஷயம் முடிந்தது என்றார். முடியாது என்றேன். தப்பாக நின்றதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், சரியாவதையும் எல்லோரும் பார்க்கட்டும் என்றேன். சனிக்கிழமை பஸ் டிப்போவுக்குப் போய், கண்டக்டரம்மா ஷிப்ட் முடித்து இறங்கும் வரை பெஞ்சில் காத்திருந்தேன். "நம்ப வேண்டாம். பாக்க மட்டும் வாங்க" என்றேன். பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். ஆனால் ஞாயிறு காலை சீருடையோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

புதுக் கட்டடம், இருநூறு பேர், வெளிச் சபைகளிலிருந்து வந்த பெரியவர்கள். என் நாடாவைத் திரை விலக்கிக் காட்டுவதாகத்தான் நிகழ்ச்சியில் போட்டிருந்தார்கள். நான் மேடையில் மேஜை போடச் சொல்லி, நாடாவை விரித்து, பிளேடை எடுத்துத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தேன். முன்வரிசையில் ஒருவர் என்னம்மா இது என்று எழுந்தே விட்டார்.

முதல் சேர்க்கையைத் தாண்டும் மூன்று ரிப்பனையும் அந்த இடத்திலிருந்து முனை வரை பிரித்தேன். டேப்பை ஓரத்தோடு ஓரம் வைத்து, அடியில் துணிப்பட்டை கொடுத்துக் கையாலேயே தைத்தேன்.  பதினைந்து நிமிஷம் பிடித்தது. பிறகு கண்டக்டரம்மாவை மேடைக்குக் கூப்பிட்டு நீல ரிப்பனின் முனையை அவள் கையில் கொடுத்தேன். அவள் இழுத்துப் பிடித்து, குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"கோட்டு மேலயே முடியுது" என்றாள்.

அதற்குப் பிறகு நான் பேசியதை அப்படியே எழுதுகிறேன், மற்றவர் சொல்லி நீ கேட்க வேண்டாம்.

"வேதத்துல தப்பில்ல. தப்பு என் கையில. வேதம் மட்டும்தான் தப்பாதுன்னு உங்களுக்குச் சொல்லிக் குடுத்துக்கிட்டே, என் கையையும் அதுக்குப் பக்கத்துல வெச்சிருந்தேன். அது பெரிய பாவம்."

உட்கார்ந்திருக்கலாம். எல்லோரும் ஸ்தோத்திரம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். நான் உட்காரவில்லை.

"இன்னொன்னு இருக்கு. இதக் கண்டுபிடிச்சது நான் இல்ல, என் தம்பி. அவன் நம்மள மாதிரி நம்பறவன் இல்ல. மூணு வருஷத்துக்கு முன்னாடி உங்கள்ல பல பேர் முன்னாடி அவனப் பொய்யன்னு சொன்னேன். அவன் மனசுல இருந்தத மறைக்காமச் சொன்னான். அத நான் ஒத்துக்கல, இன்னிக்கும் ஒத்துக்கல. ஆனா என் தம்பி பொய் சொல்றவன் இல்ல. அவனப் பொய்யன்னு நான் சொன்னேனே, அதுதான் பொய்."

மூப்பர் தலை குனிந்துகொண்டார். நம்பாதவனைப் பற்றித் திறப்பு விழாவில் பேசியிருக்க வேண்டாம் என்று பிறகு சொன்னார். என் நாடா சுவரில் இருக்கிற வரைக்கும் அவன் பேச்சும் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். மற்ற இரண்டு சேர்க்கையையும் அன்று மாலையே சரி செய்தேன். இப்போது முழு அறுநூறு சென்டிமீட்டர்.

கண்டக்டரம்மா இன்னும் ஞானஸ்நானத்துக்கு மறுபடி பெயர் கொடுக்கவில்லை. இன்னும் கேள்வி இருக்கு, சனிக்கிழமை வரேன் என்றாள். நான் வற்புறுத்தவில்லை.

மன்னித்துவிடு என்று உனக்குத் தனியாக எழுத வேண்டுமா என்று யோசித்தேன். பத்துப் பேர் முன்னால் சொன்னதை இருநூறு பேர் முன்னால் திரும்ப எடுத்துக்கொண்டேன். ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடடா.

அக்கா


ஜூலை 13

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. பையன்கள் கேட்டார்கள் என்று சத்தமாகவே படித்தேன். "கண்டுபிடிச்சது என் தம்பி" என்ற இடத்துக்கு வந்ததும் கடிதத்தை மேஸ்திரியிடம் நீட்டிவிட்டேன். அவர் வாங்கி மீதியைப் படித்தார். முடித்துவிட்டு, "உங்கக்காவா இது?" என்றார். ஆமாம் என்றேன்.  ஊரெல்லாம் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

உலகத்தின் வயசில் நமக்குள் சமாதானம் இல்லை, அதில் நீ ஏமாற வேண்டாம். எனக்கும் கேள்விகள் இருக்கின்றன, கண்டக்டரம்மாவை விட அதிகமாகவே. அவற்றை இனி தபாலில் அனுப்பப் போவதில்லை. வருகிற சனிக்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டேன். இந்த முறை கையில் கல் ஒன்றும் இருக்காது. கூப்பிடாமல் வருகிறவனாகவும் வர மாட்டேன், நீ கூப்பிடு.

எனக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி போடச் சொல். கை தூக்கிவிட்டுத்தான் கேட்பேன். தெரிந்தால் பதில் சொல், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். இருநூறு பேர் முன்னால் நிமிர்ந்து நின்று அதைச் சொல்லக்கூடியவள் என் அக்கா என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லத்தான் நான் வருகிறேன்.

தம்பி